கடலை போட்டு ஜெயிச்சவங்க!

காலேஜ் கேன்டீன்ல மணிக்கணக்கா கடலை போட்டும் ஒரு பிரயோஜனமும் இல்லாம எழுந்து போறவங்களை நிறையப் பார்த்திருப்பீங்க. கடலையை வெச்சே ஒரு டி.வி. சேனலை மடக்கின கூட்டம் ஒண்ணு இருக்கு, தெரியுமா? இது நிஜக் கடலை பாஸ். வேர்க்கடலை. சுமார் 20 டன்!

'ஜெரிக்கோ'ன்னு ஒரு அமெரிக்க சீரியல். 2006 செப்டம்பர்ல சி.பி.எஸ். சேனல்ல ஆரம்பிச்சது. நாட்டின் பெரிய நகரங்கள்ல அணுகுண்டு வெடிக்குது. கான்சாஸ் மாநிலத்துல இருக்கிற ஜெரிக்கோங்கிற குட்டி ஊருக்கு கரன்ட் போச்சு, போன் போச்சு. குண்டு வெச்சது யாருன்னுகூடத் தெரியாது. புகை மண்டலத்தைப் பார்த்துட்டு நிக்கிற அந்த ஜனங்க அடுத்த வாரம் சோத்துக்கு என்ன பண்ணுவாங்க, மருந்துக்கு எங்கே போவாங்க? இதான் கதை. குண்டு வெடிக்கிறதைவிட, அதுக்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் எப்படி மாறுறான்கிறதுதான் இதுல திகிலே. ஹீரோ ஸ்கீட் உல்ரிச்தான். ஆனா, ரகசியத்தையெல்லாம் மடியில கட்டிக்கிட்டு ஊருக்குள்ள அப்பாவி மாதிரி நடமாடுற ஹாக்கின்ஸா வந்த லென்னி ஜேம்ஸ்தான் என் சாய்ஸ்!

நல்லா போயிட்டிருந்த சீரியலுக்கு சேனலே ஆப்பு வெச்சது. நவம்பர்ல நிறுத்தி, பிப்ரவரி வரைக்கும் லீவு விட்டுட்டாங்க. திரும்பி வந்தப்போ எதிர்ல யாரு? 'அமெரிக்கன் ஐடல்'! அந்தப் பாட்டுப் போட்டி அன்னிக்கு அங்கே ஊரையே கட்டிப் போட்டிருந்த நிகழ்ச்சி. அதோட மோதினா என்ன ஆகும்? ரேட்டிங் படுத்துருச்சு. 2007 மே மாசம் சீரியலுக்கு மங்களம் பாடிட்டாங்க.

அதுவும் எந்த இடத்துல? பக்கத்து ஊர்க்காரங்க துப்பாக்கியோட படையெடுத்து வர்றாங்க. 'சரணடையறியா?'ன்னு கேட்கிறாங்க. ஹீரோவோட பதில் ஒரே வார்த்தை: 'நட்ஸ்!' அவ்வளவுதான், சீசன் ஓவர். இந்த வார்த்தைக்கு ஒரு பிளாஷ்பேக் உண்டு. 1944 டிசம்பர்ல, பெல்ஜியத்தின் பாஸ்டோன் ஊர்ல ஜெர்மன் படை சுத்தி வளைச்சு சரணடையச் சொன்னப்போ, அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் எழுதி அனுப்பின பதிலும் இதே ஒத்தை வார்த்தைதான். கிட்டத்தட்ட நம்மூர் 'போடாங்...' மாதிரி.

ரசிகர்கள் அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'நட்ஸ்'னா கொட்டைப் பருப்புன்னும் அர்த்தம் ஆச்சே! ஒரு கடலைக் கடையோட இணையதளத்துல ஆர்டர் போட்டு, மூட்டை மூட்டையா சேனல் ஆபீஸுக்கே அனுப்ப ஆரம்பிச்சாங்க. கடிதம்னா குப்பைக்கூடையில போடலாம். 20 டன் கடலையை எங்கே போடுறது? ஜூன் மாசம் சேனல் இறங்கி வந்துச்சு. ஏழு எபிசோடு தர்றோம், தயவுசெஞ்சு கடலை அனுப்புறதை நிறுத்துங்கன்னு அறிக்கை விட்டாங்க.

சேனல் தரப்புல சொன்ன இன்னொரு மேட்டர்தான் முக்கியம். நிறையப் பேர் ரெக்கார்டு பண்ணியும் இன்டர்நெட்லயும் பார்க்கிறாங்க. நேரத்துக்கு டி.வி. முன்னாடி உட்கார்ந்து பார்க்கிற கூட்டம் கூடினாத்தான் மேற்கொண்டு பேச முடியும்னு சேனல் சொல்லுச்சு. அதாவது, நீ எவ்வளவு உருகி உருகிப் பார்த்தாலும், மீட்டர்ல விழலைன்னா நீ ஆளே கிடையாது. அங்கேயே அந்தக் கதின்னா, திண்டுக்கல்லுல உட்கார்ந்து இங்கிலீஷ் சீரியலுக்கு அழுற நம்ம கண்ணீருக்கு என்ன ரேட்டிங்?

ரசிகன் சொல்றதெல்லாம் சரின்னு நான் வக்காலத்து வாங்கலை. 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வை 2003-ல புதுசா எடுத்தப்போ, 1978 தொடர்ல டர்க் பெனடிக்ட் பண்ணின ஸ்டார்பக் கேரக்டரை ஒரு பொண்ணுக்குக் கொடுத்தாங்க. கேட்டி சாக்கஃப். எரிச்சுடுவோம் கொளுத்திடுவோம் ரேஞ்சுக்குக் குதிச்சாங்க பழைய ரசிகர்கள். பார்த்தா, அந்தப் பொண்ணுதான் புதுத் தொடரோட உயிரே! நம்மூர்ல 'இவருக்குப் பதில் இவர்'னு ஒரு கார்டு போட்டுட்டு, அண்ணியையே மாத்திடுவாங்க. ரெண்டு நாள் திட்டிட்டு மூணாம் நாள் புது அண்ணிக்காக அழுவோம். அந்தப் பக்குவம் அவங்களுக்கு இல்லை.

கேன்சல் விஷயத்துல மட்டும் நான் ரசிகன் கட்சி. 'ஃபயர்ஃப்ளை'யைப் பாருங்க. 2002-ல 14 எபிசோடு எடுத்து, ஃபாக்ஸ் சேனல் 11-தான் போட்டது. அதையும் வரிசை மாத்திப் போட்டு, முதல் கதையைக் கடைசியா ஒளிபரப்பின கொடுமையை என்ன சொல்ல! டி.வி.டி. விற்பனையைப் பார்த்துட்டு வேற கம்பெனி 2005-ல 'செரினிட்டி'ன்னு சினிமாவே எடுத்துச்சு. வசூல் சுமார்தான். போதாக்குறைக்கு, நாங்க உயிரா நெனச்ச வாஷை அதுலயே சாகடிச்சாங்க. இருந்தாலும், பாதியில விட்ட கதைக்கு ஒரு முடிவு கிடைச்சதே!

ஜெரிக்கோவும் 2008 பிப்ரவரியில திரும்பி வந்துச்சு. ரேட்டிங் மறுபடி படுத்துச்சு. இந்தத் தடவை கடலைக்கு வேலையில்லை. ஏன்னா, கடைசி எபிசோடுக்கு ரெண்டு முடிவு எடுத்து வெச்சிருந்தாங்க. அடுத்த சீசன் கிடைச்சா தொங்கல்ல விட ஒண்ணு, கிடைக்கலைன்னா கதையை முடிக்க ஒண்ணு. மார்ச் 25-ம் தேதி ஒளிபரப்பானது ரெண்டாவதுதான்.