கல் பங்களாவும் நமது கடமையும்

அந்நியர் ஆட்சி 1947-ம் வருஷம் நம் நாட்டை விட்டு அகன்றது. அது எழுப்பிவைத்த கச்சேரிகளும் காரியாலயங்களும் நம்மிடமே நின்றுவிட்டன. அவற்றை என்ன செய்வது என்பதில் நம்மவருக்குள் இருவகை அபிப்பிராயம் நிலவி வருகிறது. ஒரு சாரார், இவை அடிமைத்தனத்தின் சின்னங்கள், இவற்றைப் பழுது பார்ப்பதற்குப் பொது ஜனங்களின் பணத்தில் ஒரு தம்பிடியும் செலவிடலாகாது என்கின்றனர். மற்றொரு சாரார், வெள்ளையன் கட்டிய தூணும் தாழ்வாரமும் தவிர இந்நாட்டில் பார்க்கத்தக்கது வேறொன்றுமில்லை என்பது போல் வாய் பிளந்து நிற்கின்றனர். இவ்விரண்டும் தவறு என்பது நமது கருத்து. இதை விளக்குவதற்கு நீலகிரியின் கல் பங்களாவைக் காட்டிலும் பொருத்தமான திருஷ்டாந்தம் வேறில்லை.

குன்னூரைக் கடந்து மலை ரயில் உதகமண்டலத்தை அடைகிறது. அவ்வூரின் முதல் ஐரோப்பியக் கட்டிடம் கல் பங்களா. கோயமுத்தூர் ஜில்லாக் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் 1819-ல் மலை ஏறினார். முதலில் கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் ஓர் இல்லம் அமைத்துக்கொண்டார். பின்பு உதகையின் பள்ளத்தாக்கைக் கண்டு மோகித்து, 1822-ல் அங்கே கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். மூங்கிலும் பிரம்பும் புல்லும் மண்ணுமாகவே வீடுகளைக் கண்டிருந்த மலைவாசிகளுக்கு அது புதுமையாயிருந்தது. கல் பங்களா என்று அவர்கள் அழைத்த பெயரே நிலைத்துவிட்டது.

அந்த நிலத்தை அவர் தொதவர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் வாங்கினார் என்பது சரித்திரம். விலையின் அற்பத்தைக் கண்டு நகைப்பவர் பலர். அதில் அடங்கிய நியாயத்தைக் கவனிப்பவர் சிலரே. ஒருவனிடம் ஒரு நிலத்தை விலை கொடுத்து வாங்குகிறோம் என்றால் அவனே அந்நிலத்தின் சொந்தக்காரன் என்று ஒப்புக்கொள்கிறோம் என்பதுதானே பொருள்? வாங்கியவன் பிற்பாடு விற்றவனை நோக்கி, உனக்குப் பாத்தியதையே கிடையாது என்று சொல்வானாயின் அதை எந்த நியாயஸ்தலம் ஏற்கும்? ஆயினும் நடந்தது அதுவே. தொதவர்களே மலையின் உரிமையாளர் என்று ஸல்லிவன் விடாமல் வாதித்தார். கம்பெனியின் டைரக்டர்களோ, அவர்களுக்கு உள்ளது மாடு மேய்க்கும் அனுபோகமே அன்றி வேறில்லை என்று முடிவு கட்டினர். இவ்வாறு, தொதவர் நிலத்துக்கு விலை கொடுத்த ரூபாயே அவர்களுடைய உரிமைக்குச் சாட்சியாகவும், அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு அளவுகோலாகவும் நிற்கிறது. கல் பங்களாவின் அஸ்திவாரத்தில் புதைந்து கிடக்கும் முதல் பாடம் இது.

ஸல்லிவனை நாம் தூஷிக்க வரவில்லை. பின்னாளில் சுதேச மன்னர்களின் ராஜ்யங்களைக் கம்பெனி விழுங்கி வந்ததை எதிர்த்து அவர் வாதித்தார். உதகையின் இருநூறாவது ஆண்டை ஒட்டி 2022-ல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டதும் நன்றே. ஆனால் கட்டிடம் ஒருவர் பெயரில் நிற்பதால் ஒருவர் மட்டுமே கட்டியதாகிவிடுமா? 1822-ல் உதகைக்கு வண்டிப் பாதை இல்லை. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாக ஏறும் வழி அப்பொழுதுதான் வெட்டப்பட்டு வந்தது. குன்னூர்க் கணவாய் வழி 1830-ஐ அடுத்த ஆண்டுகளில் உண்டானது. ஆகவே சமவெளியிலிருந்து மேலே போன ஒவ்வொரு பொருளும் மனிதன் தலையிலோ பொதிமாட்டின் முதுகிலோதான் போயிருக்க வேண்டும். கல்லை உடைத்தவன் யார், சுமந்தவன் யார், குளிரில் விறைத்த கையால் சுவரை நிமிர்த்தியவன் யார்? அவர்களுடைய பெயர்களை எந்தக் கல்வெட்டும் ஏந்தி நிற்கவில்லை. உடல் உழைப்பு நம்மவருடையது, நிலம் நம்மவருடையது. அப்படியிருக்க, அந்நியன் கட்டிடம் என்று அதைக் கைகழுவுவது நம் பாட்டன்மார்களின் வியர்வையையும் சேர்த்துக் கைகழுவுவதேயாகும்.

நிற்க, கலெக்டரின் வீடு சர்க்காரின் காரியாலயமான கதையைப் பார்ப்போம். சென்னையின் வெயில் வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பொறுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராஜதானியின் நிர்வாகமே ஆண்டுக்குப் பல மாதங்கள் மலை ஏறலாயிற்று. கவர்னர், ஆலோசனைச் சபையார், காரியதரிசிகள், குமாஸ்தாக்கள், சேவகர்கள், தஸ்தாவேஜுக் கட்டுகள் எல்லாம் புறப்பட்டுப் போயின. ரயில் 1873-ல் மேட்டுப்பாளையம் வரையில்தான் வந்தது. அதன் மேல் கணவாய் ஏற்றம். கல் பங்களா விஸ்தரிக்கப்பட்டு, சர்க்கார் அலுவலகமாயிற்று. இந்த மலை யாத்திரையை நம் சுதேசப் பத்திரிகைகள் அக்காலத்திலேயே கண்டித்தன. கண்டனத்துக்குக் காரணம் செலவு மட்டுமன்று. திருநெல்வேலியில் மழை பொய்த்து வரி செலுத்த வகையற்று நிற்கும் குடியானவனின் மனு, மேகத்துக்கு மேலே அமர்ந்திருக்கும் ஓர் அதிகாரியின் மேஜையை அடைய வேண்டியிருந்தது. வெயில் படாத இடத்திலிருந்து வெயிலில் வாடுகிறவர்களை ஆள்வது எத்தகைய ஆட்சி! கல் பங்களாவின் இரண்டாவது பாடம் இது.

மூன்றாவது பாடம் நமக்குப் பெருமை தருவது. சுதந்தரத்துக்குப் பின், 1955-ல் உதகையில் அரசினர் கலைக் கல்லூரி ஏற்பட்டது. கவர்னர்களின் காரியாலயம் கல்லூரியின் கட்டிடமாயிற்று; கல்லூரி முதல்வரின் அலுவலகம் அங்கே அமைந்தது. எந்த வாயிலில் மனுவைக் கையில் ஏந்தி நம்மவர் காத்து நின்றனரோ, அந்த வாயிலில் தோட்டத் தொழிலாளியின் மகளும் படகர் வீட்டுப் பிள்ளையும் புத்தகத்தோடு நுழைகின்றனர். இதைக் காட்டிலும் சிறந்த புனருத்தாரணம் ஒரு கட்டிடத்துக்கு உண்டோ? இடித்துத் தள்ளியிருந்தால் பழி தீர்த்த திருப்தி ஒரு நாள் இருந்திருக்கும். வைத்துக்கொண்டு உபயோகப்படுத்தியதால் வெற்றி நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

கட்டிடம் உயிரோடிருப்பது அதில் நடக்கும் வேலையால்தான். இதற்குக் குன்னூரிலேயே இரு சான்றுகள் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தைப் பற்றி ஏறும் ரயில் 1899-ல் குன்னூரை எட்டியது. 1908-ல் உதகை சேர்ந்தது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அது கண்ணாடிப் பெட்டியில் நிறுத்திய பொம்மையாயிருந்தால் அத்தனை மதிப்பு ஏது? இன்னும் ஓடுவதால்தான் அது மதிப்புப் பெறுகிறது.

இரண்டாவது சான்று பாஸ்டர் இன்ஸ்டிட்யூட். வெறிநாய்க் கடிக்குச் சிகிச்சை வேண்டி வட கோடியிலுள்ள கசௌலி வரை தென்னாட்டார் போகவேண்டியிருந்த காலத்தில், அமெரிக்கத் தனவந்தர் ஹென்றி பிப்ஸ் கர்ஸன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் உதவியால் 1907-ல் அது குன்னூரில் நிறுவப்பட்டது. ஸர் ராபர்ட் மக்காரிஸன் நம் மக்களின் உணவைப் பற்றி ஆராய்ந்ததும் அங்கேதான். அந்த ஆராய்ச்சிச் சாலை 1958-ல் ஹைதராபாத்துக்குச் சென்றது. 2008-ல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் தடுப்பு மருந்து உற்பத்தி லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டது. சுவர்கள் நின்றன, ஜன்னல்கள் நின்றன, வேலை நின்றுபோயிற்று. பொது ஜனங்களின் கிளர்ச்சிக்குப் பின் 2010-ல் அந்தத் தடை நீங்கியது. அவ்விரண்டாண்டுகளில் கட்டிடத்தின் அழகு ஒரு குழந்தைக்கேனும் பயன்பட்டதா? காரியமற்ற கட்டிடம் கல்லறையே என்பதை அச்சம்பவம் நமக்கு உணர்த்திற்று.

ஆனால் உபயோகம் மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. உபயோகிப்பவரின் அறியாமையாலும் கட்டிடம் அழிவதுண்டு. பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் இழைக்கப்பட்டவை. அவை மழையின் ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விடும் தன்மையுள்ளவை. பழுது பார்க்கிறோம் என்று அவற்றின் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, காரை உதிர்ந்து, மரத் துலாங்கள் இற்றுப்போகின்றன. இரண்டு பருவ மழையும் பனியும் தாக்கும் நீலகிரியில் இத்தவறு சமவெளியைக் காட்டிலும் சீக்கிரத்தில் பலன் காட்டும். மிகக் குறைந்த டெண்டருக்கு வேலையை விட்டுவிட்டு, நூறு வருஷம் நின்ற சுவரைப் பத்து வருஷத்தில் கரைப்பது சிக்கனமாகாது.

சட்டத்தின் நிலைமையையும் கூறவேண்டும். சென்னை மவுண்ட் ரோட்டில் 1897-ல் எழுந்த பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டிடத்தை நாம் மறக்கலாகாது. வெள்ளைக்கார மருந்து வியாபாரிகள் கட்டிய அதை 1934-ல் ஒரு சுதேசி இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி விலைக்கு வாங்கிற்று. 1956-ல் இன்ஷ்யூரன்ஸ் தேசிய மயமானபோது அது பொதுச் சொத்தாயிற்று. அதன் பின்னும் 2006-ல் அதை இடிக்க முற்பட்டனர்! நியாயஸ்தலம் குறுக்கிட்டது. 2010-ல் சென்னை உயர்நீதி மன்றம் இடிக்கலாகாதென்று தீர்ப்பளித்தது. அதை ஒட்டி 2012-ல் தமிழ்நாட்டுச் சட்ட சபை பாரம்பரிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அது அமலுக்கு வர 2024 ஆயிற்று. பன்னிரண்டு வருஷம் ஏட்டில் உறங்கிய சட்டத்தின் நிழலில் எத்தனை கூரைகள் சரிந்திருக்குமோ! சட்டம் வந்துவிட்டது என்று ஜனங்கள் சும்மாயிருந்தால், மறுபடியும் அது உறங்கப் போவது நிச்சயம். ஜாபிதாவில் ஏறிய பெயர் சுவரைத் தாங்காது. ஊராரின் கண்காணிப்பே தாங்கும்.

இங்ஙனமாக, நாம் கோருவது இன்னவென்று ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிடுகிறோம். முதலாவது, கல் பங்களாவில் எது ஸல்லிவன் காலத்துப் பகுதி, எது பிற்சேர்க்கை என்பதை அளந்து வரைபடம் எழுதிப் பிரசுரிக்க வேண்டும். அவ்வரைபடம் கையிலில்லாமல் ஓர் ஆணியும் அடிக்கலாகாது. இரண்டாவது, சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தர்களைக் கொண்டே பழுது பார்க்க வேண்டும். மலையிலேயே சில வாலிபர்களை அதில் பழக்கினால் பிழைப்பும் உண்டாகும், கட்டிடங்களும் பிழைக்கும். மூன்றாவது, கட்டிடத்தின் முகப்பில் நல்ல தமிழில் அதன் முழுச் சரித்திரத்தையும் பொறிக்க வேண்டும். நிலம் யாருடையது, என்ன விலைக்குப் போயிற்று, எவ்வித ஆட்சி அங்கிருந்து நடந்தது, 1955-ல் என்ன ஆயிற்று என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஸல்லிவன் துரையின் பெயர் அதில் இருக்கட்டும். தொதவரின் பெயர் அவருக்கு முன்னே இருக்கட்டும். நான்காவது, எந்தக் காரணத்தை முன்னிட்டும் அது பொதுக் கல்வியின் கையை விட்டுப் போகலாகாது. பழைய பங்களாக்களைப் பணக்காரர் தங்கும் ஹோட்டல்களாக்குவதே பாதுகாப்பு என்று ஒரு கூட்டம் நாடெங்கும் பேசி வருகிறது. துரைகளிடமிருந்து மீட்டதை இன்னொரு துரைக் கூட்டத்திடம் ஒப்படைப்பதற்கு மீட்சி என்று பெயரன்று.

இன்னுமொன்று. கல்லால் கட்டியதே பாரம்பரியம், புல்லால் வேய்ந்தது பாரம்பரியமன்று என்ற எண்ணமும் அடிமை எண்ணமே. வளைத்த மூங்கிலும் பிரம்புக் கட்டும் புற்கூரையுமாக, குனிந்து தவழ்ந்தே நுழையத்தக்க சிறு வாயிலோடு தொதவர் தம் மந்துகளில் எழுப்பும் கட்டிடம், குளிருக்கும் காற்றுக்கும் அந்த மலை கற்பித்த சிற்பம். கல் பங்களாவைப் பட்டியலில் எழுதுகிறவர்கள் அதே பக்கத்தில் அந்த மந்துகளையும் எழுதட்டும். அப்பொழுதுதான் அது நீலகிரியின் பட்டியலாகும். இல்லாவிடில் துரைமார்களின் விலாசப் புத்தகமாகவே இருக்கும்.

குன்னூர், கோத்தகிரி, உதகை வாசிகளையும், விசேஷமாக அங்குள்ள தேசத் தொண்டர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இதுவே. உங்கள் ஊரிலுள்ள பழைய கச்சேரிகளை ஒருமுறை போய்ப் பாருங்கள். கூரை ஒழுகுகிறதா, சுவர் வெடித்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். குறித்ததை மாநில சர்க்காருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் எழுதுங்கள். அந்நியன் ஆண்டபோது அவன் கட்டிடத்தின் வாயிலில் நின்று உரிமை கேட்டோம். இன்று கட்டிடமும் நமது, உரிமையும் நமது. கடமை மட்டும் வேறொருவருடையதாக எங்ஙனம் இருக்கும்?