தானே நகரும் தம்ளர்

பழையனூர் நீலியின் கதை பிறந்த சீமை இது. திருவாலங்காடும் பழையனூரும் அண்டையிலிருக்க, கனகம்மாசத்திரத்து வீடொன்றில் நள்ளிரவில் அலமாரித் தம்ளர் தானே விழுந்தால், பேயென்று சொல்ல யாருக்கும் நாக்கூசாது. மறுநாள் மந்திரவாதி வருவான்; வேப்பிலையும் பிரம்பும் வரும். அடி விழுவது தம்ளருக்கன்று. வீட்டிலுள்ள வாயில்லாப் பெண்ணுக்கு. ஆதலின் இதனை வேடிக்கை விஷயமென்று தள்ளிவிட நாம் ஒப்போம். விசாரணையின்றித் தண்டனை விதிப்பது எந்த நீதிஸ்தலத்திலும் செல்லாது.

முதலில் வாசலை எட்டிப் பார்ப்போம். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் ராஜபாட்டை ஊரைத் தொட்டுச் செல்கிறது. பாரவண்டிகள் இரவெல்லாம் ஓடுகின்றன. அவற்றின் அதிர்வு தரைவழியே சுவரேறி அலமாரியை அடைகிறது. அதிர்வுதோறும் மயிரிழை நகரும் பாத்திரம் ஓரிரவில் விளிம்பைக் கடந்து விழுகிறது. நகர்ந்ததை யாரும் கண்டிலர். விழுந்த ஓசையை மட்டும் கேட்கின்றனர்.

இம்மயக்கம் நம் பாமர ஜனங்களுக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துப் பொருட்காட்சிசாலையில் ஏறக்குறைய 3,800 ஆண்டு பழமையான எகிப்தியச் சிலையொன்று கண்ணாடிப் பேழைக்குள் தானே திரும்பி நிற்கக் கண்டு 2013-ல் பலரும் திகைத்தனர். சாபமென்றும் பேச்சு எழுந்தது. விடாது படம் பிடித்துப் பார்த்ததில், சிலை பகலில் திரும்புவதும் இரவில் சும்மா இருப்பதும் தெரிந்தது. அதன் அடிப்பாகம் சற்றே குவிந்திருந்தது. வெளியே வண்டிகளும் உள்ளே பார்வையாளரின் காலடியும் அதனை ஆட்டின. அந்தப் பேய்க்குப் பகலில் மட்டும் உத்தியோகம் போலும்!

வெந்நீரில் கழுவி ஈரக் கல்மேடையில் கவிழ்த்த தம்ளர் வழுக்கி ஓடுவதை அடுக்களையிலுள்ளோர் அறிவர். உள்ளே அகப்பட்ட காற்று சூட்டால் விரிந்து விளிம்பைச் சற்றே தூக்க, நீர்ப்படலத்தின்மேல் அது சறுக்குகிறது. ஆவிகள் மேஜையைச் சுழற்றுவதாக லண்டன் கனவான்கள் நம்பிய காலத்தில், 1853-ல், பாரடே என்னும் பௌதிக சாஸ்திரி கைகளுக்கும் மேஜைக்கும் இடையே அட்டைகளை அடுக்கிச் சோதித்தார். மேலட்டையே முந்தி நகர்ந்தது. தாமறியாமலே கைகள் மேஜையைத் தள்ளின.

இவையொன்றும் பொருந்தாத வீடுகளும் உண்டு. கூரைமேல் கல் விழும். கொடியிலிருக்கும் துணி எரியும். இலங்கையில் இத்தகைய வீடுகளை நேரில் விசாரித்தவர் ஆபிரகாம் கோவூர். அற்புத சக்தியை மோசடிக்கு இடமின்றி நிரூபிப்போருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-ல் அறிவித்தவர். 1978-ல் அவர் காலமாகும் வரை அதனை வென்றார் எவருமிலர். அவர் விசாரணையில் அகப்பட்டது மனிதக் கையே. பல வீடுகளில் அது மனம் நொந்த ஓர் இளவயதினரின் கை. அவர் பிரம்பை எடுக்கவில்லை. துயரத்தைக் கேட்டறிந்து ஆற்றினார்.

திருத்தணிப் பக்கத்துப் பொதுஜன ஊழியர்கள் இனி இத்தகைய வீட்டுக்கு அழைக்கப்பட்டால், மந்திரவாதியை வாசலிலேயே நிறுத்தட்டும். அலமாரியை ஆட்டிப் பார்க்கட்டும். அது அசையாது நின்றால், அந்தப் பெண்ணின் குறை என்னவென்று கேட்கட்டும்.