புது வசதியும் பழைய வாயிலும்

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, புகழுரை எழுதுவதா, பயனுரை எழுதுவதா என்னும் ஐயம் எமக்கு எழுந்தது. புகழுரைகளுக்கு இம்மலரிற் குறைவிராது. ஆதலின், விழாவை முன்னிட்டுச் சங்கத்தார் கல்லூரிக்கு வழங்கக் கருதியிருக்கும் திறன்பலகைகளையும் கணினிகளையும் வாயிலாகக் கொண்டு, இக்காலத்துப் புது வசதிகளால் நாம் பெறுவது யாது, இழப்பது யாது என்பதைச் சிறிது சீர்தூக்கிப் பார்க்க விழைகின்றோம். அன்பர்கள் பொறுமையுடன் படித்தருள்க.

பெற்றவற்றை முதலிற் கூறுவதே முறை. உடப்பிலும் கற்பிட்டியிலும் கடலுக்குச் செல்வோர் காற்று மாறப்போகும் செய்தியைக் கைத்தொலைபேசியிற் கேட்டுக் கரை திரும்புகின்றனர். அன்றைய மீனின் விலையைக் கரையை அடையுமுன்னரே அறிந்துகொள்கின்றனர். மத்திய கிழக்கில் உழைக்கும் தாயின் முகத்தை இங்குள்ள பிள்ளை நாள்தோறும் காண்கின்றது. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் இணைய நூற்சேமிப்பகம், ஈழத்தில் அச்சான நூல்களையும் சஞ்சிகைகளையும் விழா மலர்களையும் யாவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்திருக்கின்றது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உள்ள பெரிய நூல்நிலையத்தைக் கண்ணாற் காணாத மாணாக்கனும் இன்று அந்நூல்களைத் தன் வீட்டுத் திண்ணையில் இருந்து கற்கலாம். இவற்றை எல்லாம் வேண்டா என்று தள்ளுவார் உளராயின், அவர் பிறர் துன்பம் அறியாதவர் என்றே சொல்லுவோம்.

எனினும், ஒவ்வொரு வசதிக்கும் விலை ஒன்று உண்டு. அவ்விலை கொள்ளும் நாளில் தெரிவதில்லை. வசதி கைவிடும் நாளிலேதான் தெரிகின்றது. இவ்வுண்மையை எமது கரையோரமே எமக்குக் கற்பிக்கின்றது. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் ஒன்று நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் வரை சென்றமையை நம்மிற் பலர் அறிவர். உப்பும் கொப்பராவும் ஒருகாலத்தில் அவ்வழியே படகுகளில் மிதந்து சென்றன. 1916 இற் சிலாபத்துக்கும் 1926 இற் புத்தளத்துக்கும் புகையிரதம் வந்தது. பின்னர் லொறிகள் வந்தன. பயணம் விரைவாயிற்று, வணிகம் பெருகிற்று. அதனை எவரும் குறை கூறார். ஆனால், கால்வாயைப் பேணுவார் இல்லாமற் போயினர். இன்று அதன் பல பகுதிகள் தூர்ந்தும் புதர் மண்டியும் கிடக்கின்றன. புதிய வழி திறந்தது நன்றே; பழைய வழி தூரும்வரை நாம் வாளாவிருந்ததே பிழையாயிற்று.

இதனினும் அண்மையான சான்று ஒன்று உண்டு. எமது மாவட்டத்து நுரைச்சோலையில் 2011 இல் முதற்பகுதியும் 2014 இல் எஞ்சிய பகுதிகளும் இயங்கத் தொடங்கிய லக்விஜய அனல் மின்னிலையம், முந்நூறு மெகாவாற்று வீதம் மூன்று பொறிகளால் 900 மெகாவாற்று மின்சாரம் ஆக்கும் வலிமையுடையது. இலங்கையிலுள்ள மின்னிலையங்களுள் இதுவே பெரியது. அதன் ஒளி நாடெங்கும் செல்கின்றது. நிலக்கரித் தூசும் சாம்பலுமோ அயலிலுள்ள தோட்டங்களிலும் வீடுகளிலும் படிகின்றன என்று அங்குள்ள மக்கள் நெடுநாளாக முறையிட்டு வந்துள்ளனர். பயனைப் பெறுவோர் ஓரிடத்தும் விலையைக் கொடுப்போர் ஓரிடத்தும் இருப்பது இவ்வாறான வசதிகளின் இயல்பு. விளக்கைப் போடும் விரலுக்கு இது தெரிவதில்லை.

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்னிலையத்திற் குரங்கொன்று மின்மாற்றியைத் தீண்டியமையால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. நுரைச்சோலையின் மூன்று பொறிகளும் அன்று நின்றன. அதன் பின்னரும் சில நாட்கள் மின்வெட்டு இருந்தது. ஒரு குரங்கின் கை இருபது மில்லியனுக்கு மேற்பட்ட மக்களின் அலுவலைத் தடுத்தது. அன்று நாம் கடைத்தெருவில் நின்றோம். எமது பணம் அட்டையில் இருந்தது. சட்டைப் பையில் இருக்கவில்லை. காசளிப்பு இயந்திரம் இயங்கவில்லை; பெரிய கடையில் அட்டையை ஏற்கும் கருவியும் இயங்கவில்லை. ஈற்றில், எம்மிடம் கற்ற மாணாக்கர் ஒருவரின் சிறு கடைக்குச் சென்றோம். அவர் அரிசியையும் பருப்பையும் நிறுத்துத் தந்து, "காசைப் பற்றி யோசிக்காதீர்கள், சேர்; கொப்பியில் எழுதிவிடுகிறேன்" என்றார். பெரிய கடை எமது அட்டையை அறியும், எம்மை அறியாது. அவர் எம்மை அறிவார். அந்தக் கொப்பியை நாம் பழைமையின் சின்னமென்று எத்தனையோ முறை எண்ணியிருக்கின்றோம். அன்று எமது வீட்டில் அடுப்பு எரிந்தது அக்கொப்பியினாலே.

கடற்றொழிலாளரின் நிலை இன்னும் கடினமானது. பாய் விரித்து ஓடிய வள்ளங்களுக்கு இயந்திரம் பூட்டியபின் அவர்கள் தொலைவு சென்றனர். காற்றுக்குக் காத்திருக்கும் துன்பம் ஒழிந்தது. ஆனால், 2022 ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தபோது, கடலுக்குச் செல்வதே நட்டமாயிற்று. வள்ளங்கள் கரையிற் கிடந்தன. 'பாட்டன் பாய் கட்டினாரே, நீங்கள் கட்டினால் என்ன?' என்று கேட்பது எளிது. பாயும் இல்லை, கட்டத் தெரிந்த கையும் அரிது. கருவி போனால் கடையில் வாங்கலாம். கைத்திறன் போனால் ஒரு தலைமுறையிலும் மீளாது.

இவ்வளவும் கூறியதால், புதியன யாவும் இடர் தருவன என்பது எமது கருத்தன்று. அதே 2022 ஆம் ஆண்டு எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எவரும் மறந்திரார். யூலை மாதத்தில் அரசாங்கம் கியூஆர் குறியீட்டு முறையைக் கொண்டுவந்தது. வாகனத்துக்கு இவ்வளவு என்று அளவு வகுக்கப்பட்டது, வரிசை குறுகிற்று, முகம் பார்த்துக் கொடுப்பதும் பூசலும் குறைந்தன. 2023 செப்தெம்பரில் தேவை தீர்ந்ததும் அம்முறை நிறுத்தப்பட்டது. அது வெற்றி பெற்றமைக்குக் காரணங்கள் பல இருக்கலாம். எமக்குப் பெரிதாய்த் தோன்றுவது ஒன்று: அக்குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டும் கொண்டு செல்ல முடிந்தது. விலையுயர்ந்த தொலைபேசி இல்லாத முச்சக்கர வண்டிக்காரரும், மகனிடமோ அயலாரிடமோ சொல்லிப் பெற்ற கடதாசித் துண்டைக் காட்டி எண்ணெய் பெற்றார். புது முறைக்குப் பழைய வாயில் ஒன்று திறந்திருந்தது.

அவ்வாயில் அடைபட்ட இடத்தில் நேர்ந்ததையும் நாம் கண்டோம். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபின் பாடங்கள் தொலைபேசி வழியே சென்றன. எமது வகுப்பிலே கெட்டிக்கார மாணாக்கன் ஒருவன் வாரக்கணக்கிற் பாடத்துக்கு வரவில்லை. சோம்பல் என்று நினைத்தோம். பின்னர் விசாரித்தபோது, அந்த வீட்டில் இருந்தது ஒரே தொலைபேசி என்றும், அதனைத் தகப்பனார் பாதுகாப்புக்காகக் கடலுக்குக் கொண்டு செல்வார் என்றும், அவர் கரை சேரும்போது பாடம் முடிந்துவிடும் என்றும் அறிந்தோம். தகப்பனின் உயிருக்குக் காவலான கருவியே மகனின் கல்விக்கும் ஒரே வாயிலாயிற்று. நாம் அவனுக்குத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கலாம். அவ்வெண்ணம் எமக்கு வருவதற்குள் ஒரு தவணை கழிந்தது. அக்குற்றத்தை நாம் எம்மேலேயே ஏற்றுக்கொள்கின்றோம். கையிலுள்ள புதிய கருவியைக் கண்டு, பக்கத்தில் இருந்த பழைய வழியை மறந்தோம்.

ஆகவே, எமது துணிபு இது: புது வசதியை ஏற்க, அதனை ஒரே வசதியாக ஆக்காதிருக்க. வங்கியும் அலுவலகமும் தொலைபேசியில் அலுவல் முடிக்கட்டும். எழுத்தறியா முதியவர் ஒருவர் வந்து நின்றால், அவரை முகம் பார்த்துக் கேட்பதற்கு ஒரு மனிதரும் அங்கு இருக்கட்டும். இரகசிய எண்ணை முன்பின் அறியாதவரிடம் சொல்லித் தம் சேமிப்பை இழக்கும் தாய்மார் ஏமாளிகள் அல்லர். மனிதரை நம்பி வாழ்ந்த அவர்களை, கற்பிப்பார் எவருமின்றி இயந்திரத்தின் முன் நிறுத்தியவர் நாமே.

இனிச் சங்கத்தாருக்கு எமது வேண்டுகோள். திறன்பலகைகளைத் தாருங்கள், மகிழ்ந்து ஏற்போம். அத்துடன் நூல்நிலையத்தில் கறையான் அரிக்கும் அலுமாரிகளையும் திருத்தித் தாருங்கள். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர் பலரின் வரலாற்றைத் திரட்டி 1859 இல் 'தமிழ் புளூராக்' என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டார். அவரிடம் மின்விளக்கும் இல்லை. தேடித் தரும் கருவியும் இல்லை. தேடும் மனமும் திரட்டும் பொறுமையும் இருந்தன. அவற்றைப் பலகை தராது. ஆசிரியரும் நூலும் பழக்கமும் தரவேண்டும். மனக்கணக்கையும் கடிதம் எழுதுவதையும் அகராதி புரட்டுவதையும் எமது வகுப்புகள் கைவிடா என்று ஆசிரியர் சார்பில் நாம் உறுதி கூறுகின்றோம்.

மாணாக்கருக்கும் ஒரு பணி உண்டு. சனிக்கிழமைதோறும் ஒரு மணிநேரம் கல்லூரி மண்டபத்தைத் திறந்து, ஊரிலுள்ள முதியோருக்குத் தொலைபேசியையும் வங்கி அட்டையையும் ஏமாறாமற் கையாளக் கற்பியுங்கள். அவர்களிடமிருந்து வலை பின்னுவதையும் காற்றின் குறி அறிவதையும் பாய் கட்டுவதையும் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த விழா மலரை எழுதுவோர், 'இக்கரையிலே புதிய வழியும் திறந்திருந்தது. பழைய கால்வாயும் தூரவில்லை' என்று எழுதும் நிலை வாய்ப்பதாக. கல்லூரி நீடு வாழ்க.