முப்பத்தொன்பது பேரும் வீணா?

தமிழ்நாட்டின் மக்களவை உறுப்பினர்களைப் பற்றி ஒரு தீர்ப்பு மக்கள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. "முப்பத்தொன்பது பேரை டெல்லிக்கு அனுப்பினோம், போய் என்ன சாதித்தார்கள்?" டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் தேர்தல் மேடையிலும் இதே கேள்விதான். 2014இல் அ.தி.மு.க. 37 இடங்களை வென்றபோது தி.மு.க. தரப்பு கேட்டது. 2019இல் தி.மு.க. அணி 38 இடங்களையும் 2024இல் 39 இடங்களையும் வென்றபோது எதிர்த்தரப்பு கேட்டது. எல்லாக் கட்சிக்காரர்களும் மாறி மாறிச் சொல்லிச் சொல்லி, இது கேள்வி என்பது போய் முடிவு என்றே ஆகிவிட்டது. இந்த முடிவு தவறு. இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் நான்கு வாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

வாதம் 1: எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது

2019 ஜூலை 14ஆம் தேதி அஞ்சல் துறையில் தபால்காரர் உள்ளிட்ட பணிகளுக்குத் தேர்வு நடந்தது. முதல் தாளின் வினாக்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோக வேண்டிய வேலைக்கு நடந்த தேர்வில் தமிழ் இல்லை. ஜூலை 16 அன்று மாநிலங்களவையில் அ.தி.மு.க., தி.மு.க., இந்திய கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் ஒன்றாக எழுந்து நின்றார்கள். அவை பலமுறை ஒத்திவைக்கப்பட்டது. அன்றே அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அவைக்கு வந்து, அந்தத் தேர்வு ரத்து என்றும், தமிழ் உள்பட எல்லா மாநில மொழிகளிலும் மறுதேர்வு நடக்கும் என்றும் அறிவித்தார். தேர்வு நடந்து இரண்டே நாளில் அரசு முடிவை மாற்றிக்கொண்டது. அதை மாற்ற வைத்தது ஊரில் எதிரும் புதிருமாக நிற்கும் கட்சிகளின் உறுப்பினர்கள் சேர்ந்து எழுப்பிய குரல்.

இன்னொரு நிகழ்வு 2020இல் நடந்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் ஆள்சேர்ப்புத் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரு மையம்கூட ஒதுக்கப்படவில்லை. மதுரை எம்.பி. சு.வெங்கடேசன் இது குறித்து உள்துறைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். இணையமைச்சரிடமிருந்து வந்த பதில் இந்தியில் இருந்தது. அவர் அதை அறிக்கை விட்டு மறந்துவிடாமல், உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குக் கொண்டுபோனார். ஆங்கிலத்தில் வரும் கோரிக்கைக்கு மத்திய அரசு ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. நாளை ஓய்வூதியம் கேட்டு டெல்லிக்கு எழுதும் சாதாரண மனிதர் ஒருவர் இந்தியில் பதில் வந்தால் இந்தத் தீர்ப்பைக் காட்ட முடியும்.

சட்டம் இயற்றுவதிலும் எதிர்க்கட்சி உறுப்பினரால் தடம் பதிக்க முடியும். அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களில் 1952 முதல் இன்றுவரை 14 மட்டுமே சட்டமாகியிருக்கின்றன. 1970க்குப் பிறகு ஒன்றுகூட ஆகவில்லை. அவ்வளவு குறுகிய வழியில்தான் தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா திருநர் உரிமை மசோதாவைக் கொண்டுவந்தார். 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அதன்பிறகு அரசே இந்தப் பொருளில் ஒரு மசோதா கொண்டுவர வேண்டியதாயிற்று. 2019இல் வந்த அந்தச் சட்டம் சிவாவின் மசோதா அளவுக்கு உரிமை தரவில்லை என்று திருநர் சமூகத்தினர் போராடினார்கள். அரசின் சட்டத்தை எதை வைத்து அளப்பது என்பதற்கு ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் மசோதாவே அவர்களுக்கு அளவுகோல் ஆனது.

வாதம் 2: ஆளுங்கட்சியோடு இருந்தால் நிதி கொட்டும்

மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமாகத் தோன்றும். கணக்கைப் பார்ப்போம். மத்திய வரி வருவாயில் மாநிலங்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. மக்கள்தொகை, தனிநபர் வருமான இடைவெளி போன்ற அளவீடுகளைக் கொண்டு ஒரு சூத்திரத்தின்படி அது முடிவெடுக்கிறது. 2005-10 காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு 5.305 சதவீதம். 2010-15இல் அது 4.969 ஆகக் குறைந்தது. அந்தப் பரிந்துரை வந்த 2009 இறுதியில் மத்திய அமைச்சரவையில் தி.மு.க. அமைச்சர்கள் இருந்தார்கள். 2015-20இல் பங்கு 4.023 ஆனது. அப்போது அ.தி.மு.க. 37 உறுப்பினர்களோடு மக்களவையின் மூன்றாவது பெரிய கட்சி. இப்படிக் குறைவதற்குக் காரணம் சூத்திரம். நம் எம்.பி. எந்த வரிசையில் உட்கார்ந்தார் என்பது அதைத் தடுக்கவில்லை.

திட்டங்களின் கதையும் இதுவே. சேது சமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலை 2 அன்று மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். அப்போது கப்பல் துறையின் அமைச்சரே தமிழ்நாட்டின் டி.ஆர்.பாலு. 2007இல் வழக்கில் சிக்கிய அந்தத் திட்டம் இன்றுவரை முடியவில்லை. தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் மருத்துவமனை 2015 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. மதுரையில் 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மாநிலத்தில் ஆண்ட கட்சியும் மத்தியில் ஆண்ட கட்சியும் அப்போது நட்பாக இருந்தன. ஆனாலும் 2022இல் சேர்ந்த முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டியிருந்தது.

இந்த வாதத்தில் உண்மையும் கொஞ்சம் உண்டு. 2004இல் தமிழுக்குச் செம்மொழித் தகுதி கிடைத்ததில் கூட்டணி அரசின் மீது தமிழ்நாட்டுக்கு இருந்த பிடிக்குப் பெரிய பங்கு இருந்தது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்ததும் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால்தான். ஆனால் அந்த வலிமை, எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை இல்லாத காலத்தில் நம் உறுப்பினர்கள் தனி அணியாக நின்றதால் வந்தது. ஆளுங்கட்சியின் சின்னத்திலேயே வென்றவருக்கு அந்தச் சுதந்திரமும் கிடையாது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும். தன் மாநிலத்துக்குப் பாதகமான மசோதா வந்தாலும் அவர் கைதூக்கித்தான் ஆக வேண்டும்.

வாதம் 3: கூச்சலும் வெளிநடப்பும்தான் வேலை

தொலைக்காட்சி காட்டுவது பதாகையையும் கோஷத்தையும். அது காட்டாத வேலை நிறைய இருக்கிறது. மக்களவை உறுப்பினர் ஒருவர் கேள்வி கேட்க வேண்டுமென்றால் குறைந்தது 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஐந்து கேள்விகளுக்கு மேல் கொடுக்க முடியாது. வந்த கேள்விகளைக் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்துவார்கள். அவற்றில் ஒரு நாளுக்கு 20 கேள்விகளுக்கு அவையில் வாய்மொழியாகவும் 230 கேள்விகளுக்கு எழுத்து மூலமாகவும் அமைச்சர்கள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலில் பொய் சொன்னால் உரிமை மீறல். "ஆவன செய்வோம்" என்று அமைச்சர் சொல்லிவிட்டால், அதை அரசு உறுதிமொழிக் குழு குறித்துவைத்து, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றினார்களா என்று கேட்கும். காலிப் பணியிடம் எத்தனை, ரயில் பாதை ஏன் நிற்கிறது, உதவித்தொகை யாருக்கு வரவில்லை என்று பத்திரிகைகளில் நாம் படிக்கும் அதிகாரப்பூர்வமான தகவல்களில் பெரும்பகுதி இப்படிக் கேட்டு வாங்கப்பட்டவை. பெருந்தொற்று முடக்கத்தில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய கணக்கே தன்னிடம் இல்லை என்று 2020 செப்டம்பரில் அரசு ஒப்புக்கொண்டதும் இப்படியொரு கேள்விக்கான பதிலில்தான்.

கூச்சல் எப்போதும் சரி என்று நான் வாதிடவில்லை. 2018 பட்ஜெட் கூட்டத்தொடரின் இரண்டாம் பகுதியில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அ.தி.மு.க. உறுப்பினர்கள் நாள்தோறும் அவையை முடக்கினார்கள். கோரிக்கை நியாயமானது. ஆனால் அந்தக் குழப்பத்தைக் காரணம் காட்டி அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படாமல் போனது. விவாதம் நடந்திருந்தால் அரசு காவிரி பற்றியும் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாய்ப்பை நாமே இழந்தோம்.

மறுபுறம், அவையின் கதவை அடைத்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து விளக்கம் கேட்டதற்காக இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். முதல் நாள் பட்டியலில் அப்போதைய சேலம் எம்.பி. எஸ்.ஆர்.பார்த்திபன் பெயரும் இருந்தது. அவர் அன்று அவையிலேயே இல்லை. பிறகு அவர் பெயர் நீக்கப்பட்டது. பெரும்பாலான எதிர்க்கட்சியினர் வெளியே நின்ற அதே கூட்டத்தொடரில்தான் நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாற்றி எழுதப்பட்டன. பேச விடாமல் தடுத்துவிட்டு, ஏன் பேசவில்லை என்று அவர்களையே கேட்பது எந்த விதத்தில் நியாயம்?

வாதம் 4: தொகுதிக்கு என்ன செய்தார்?

வாக்காளர் அதிகம் கேட்பது இதுதான். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர்க் குழாய் ஆகியவை உள்ளாட்சியின் வேலை. பள்ளிக்கூடமும் அரசு மருத்துவமனையும் பெரும்பாலும் மாநில அரசின் பொறுப்பு. எம்.பி.யிடம் இருப்பது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. அதிலும் அவர் பரிந்துரைக்கத்தான் முடியும். அனுமதி தருவதும் செலவு செய்வதும் மாவட்ட ஆட்சியர். ஒரு மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பகிர்ந்து பார்த்தால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 83 லட்சம் ரூபாய்தான் வரும். இதைக் கொண்டு ஒருவரின் ஐந்தாண்டை எடைபோடுவது சரியல்ல.

அரசின் செலவைக் கண்காணிக்க வேண்டியவரிடமே செலவைத் தூக்கிக் கொடுக்கும் இந்தத் திட்டம் 1993இல் வந்தது. அதை எதிர்த்து விரிவாக எழுதியவர் இரா.செழியன். மக்களவையிலும் மாநிலங்களவையிலும் நெடுங்காலம் பணியாற்றிய அந்தத் தமிழ்நாட்டு உறுப்பினரின் கவலை இன்றைக்கும் பொருந்துகிறது. நிழற்குடையில் பெயர் பொறித்தவரை நமக்குத் தெரிகிறது. நிலைக்குழுவில் உட்கார்ந்து ஒரு துறையின் மானியக் கோரிக்கையை வரிவரியாகப் படித்தவரை நமக்குத் தெரியவில்லை. மத்திய அரசுத் திட்டங்களை மாவட்டத்தில் ஆய்வு செய்யும் திஷா குழுவின் தலைவர் நம் எம்.பி.தான். அந்தக் குழு காலாண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அது எப்போது கூடியது, அதிகாரிகளிடம் என்ன கேட்கப்பட்டது என்பதுதான் தொகுதிக்கு அவர் செய்த வேலையின் உண்மையான அளவு.

எல்லா உறுப்பினரும் ஒழுங்காக உழைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வாயே திறக்காதவர்களும், கேள்வியே கொடுக்காதவர்களும் எல்லாக் கட்சியிலும் உண்டு. "முப்பத்தொன்பது பேரும் வீண்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது தப்பித்துக்கொள்பவர்கள் அவர்கள்தான். உழைத்தவருக்கும் உறங்கியவருக்கும் ஒரே தீர்ப்பு என்றால் அடுத்த முறை யார் உழைப்பார்?

முப்பத்தொன்பது என்ற இந்த எண்ணிக்கையை அலட்சியமாகப் பேசும் காலமும் இதுவல்ல. 1962 தேர்தலில் நமக்கு 41 இடங்கள் இருந்தன; தொகுதி மறுவரையறைக்குப் பின் 1967இல் 39 ஆயின. 1971 மக்கள்தொகை அடிப்படையில் மாநிலங்களுக்கான இடங்களை நிறுத்திவைத்த ஏற்பாடு, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை என்றுதான் அரசமைப்பில் இருக்கிறது. அனுப்புகிறவர்களால் பயனில்லை என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால், நம் பங்கு குறையும்போது தட்டிக் கேட்க நமக்கு வாய் இருக்காது.

எனவே அடுத்த முறை உங்கள் எம்.பி. ஊருக்கு வரும்போது, "என்ன கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். எத்தனை கேள்வி கேட்டீர்கள், எந்த நிலைக்குழுவில் இருக்கிறீர்கள், எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள், எந்த மசோதாவில் எப்படி வாக்களித்தீர்கள், திஷா குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். அவர் கேட்ட கேள்விகளும் பேசிய பேச்சும் மக்களவையின் இணையதளத்தில் பெயர் வாரியாக இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது நியாயமானதாக இருக்கும்.