கான்கிரீட் இறக்கினால் எண்ணூரில் கடற்பாசி வளருமா?

கடற்பாசிக்கு மண்ணில் ஊன்றும் வேர் கிடையாது. ஒட்டிக்கொள்ளக் கல் வேணும். மணலும் சேறுமான கடலடியில் அந்தக் கல்லைத் தருவதுதான் செயற்கைப் பாறை.

முன்னுதாரணம் இருக்கா?
தூத்துக்குடி வான் தீவு. அலை அரிப்பைத் தடுக்க 2015 முதல் துளையுள்ள கான்கிரீட் கட்டமைப்புகள் இறக்கப்பட்டன. அவை மீன்களுக்கும் உறைவிடமாயின.

வடசென்னையில் என்ன சிக்கல்?
ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையோரக் கருங்கற்களில் பச்சைப் பாசி ஏற்கெனவே ஒட்டுது. ஆழத்திலும் வளர வெயில் எட்டணும். கலங்கலும் எண்ணெய்ப் படலமும் அதை மறைக்கும். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தின்போதும் எண்ணூரில் எண்ணெய் பரவியது.

முதலில் என்ன செய்யணும்?
கழிவைக் கரையிலேயே தடுக்கணும். பிறகு, இடத்தை மீனவர்களிடம் கேட்டு முடிவு செய்யணும். தப்பான இடத்தில் இறக்கினால் காசிமேட்டு வலைகள்தான் கிழியும்.