சாம்பலும் ஒரு மூடாக்குதான்

ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே, ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே தீவு. ஆண்டு மழை சுமார் 150 மி.மீ. தான், காற்றோ ஓயாது. அங்கே லா ஹேரியாவில் ஒயின் திராட்சை விளையுது!

1730 முதல் 1736 வரை எரிமலை வெடித்து, நல்ல நிலத்தைக் கருஞ்சாம்பலும் பொடிக்கல்லும் மூடிவிட்டன. விவசாயிகள் அதைக் குழியாகத் தோண்டி, அடியில் கிடந்த பழைய மண்ணில் கொடி நட்டாங்க. காற்றுக்கு மறைப்பாகக் குழியோரம் பிறை வடிவில் குட்டைக் கல்சுவர். அந்தச் சாம்பல் இரவுப் பனியை வாங்கிக்கும், மண்ணின் ஈரத்தை வெயிலுக்கு விடாது. நம்ம சருகு மூடாக்கு செய்யுற வேலைதான்.

விளைச்சல் குறைவு, டிராக்டர் இறங்காது, எல்லாம் கைவேலை. குழியை நாம காப்பியடிக்க வேண்டாம். ஆனா, நம்ம காட்டுல பனி எங்கே இறங்குது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டு போர் வண்டியைக் கூப்பிடலாமே.