கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு வீடு

இலங்கையின் கிழக்குக் கரையோர ஊரான சாய்ந்தமருதில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே கல்யாணம் முடிக்கிறோம். அந்த வீட்டுக்குக் காணி எங்கே?

கிழக்கே கடல். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, கரையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கு கட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். மேற்கே வயல்வட்டை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், அனுமதியின்றி நெற்காணியை நிரப்பத் தடை விதிக்கிறது. நடுவில் கல்முனை மாநகர சபையின் கட்டட அனுமதி.

இந்தக் கட்டுப்பாடுகள் தேவையானவை. 2004 டிசம்பர் 26இல் கடல் எடுத்த உயிர்களை மறந்து கரையில் வீடு கட்ட முடியாது. வயலை நிரப்பினால் மாரி வெள்ளம் நம் வாசலுக்கே வரும். ஆனால் மாற்றுவழி காட்டாத தடை, மக்களை அனுமதியில்லாக் கட்டடங்களுக்கே தள்ளும். சுனாமிக்குப் பின் கிழக்கில் 200 மீற்றர் தடைவலயம் அறிவிக்கப்பட்டு, பிறகு தளர்த்தப்பட்டது. சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கெனச் சவூதி உதவியில் நுரைச்சோலையில் எழுந்த 500 வீடுகளோ பகிர்ந்தளிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் பாழடைந்தன.

ஆகவே, எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதைக் காட்டும் வரைபடம் தமிழில் ஒவ்வொரு கிராம சேவகர் அலுவலகத்திலும் தொங்க வேண்டும். கரையோரம், வயல், மாநகர சபை ஆகிய மூன்று அனுமதிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்க வழி வேண்டும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஒரே வளவில் பாதுகாப்பான மாடி வீடுகள் கட்டத் தொழில்நுட்ப ஆலோசனையும் கடனும் வேண்டும். வடிகால்களையும் வயல்வட்டையையும் எவருக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஏழைக்கும் செல்வாக்குள்ளவருக்கும் சட்டம் ஒன்றாக இருந்தால்தான் ஊர் அதை மதிக்கும்.